பாதுகாப்புக்கு இன்னொரு டேக்

அக்டோபர் 27, திங்கள்

காலை 148/92. மாலை 150/94. மனம் அமைதி.

டாக்டர் கொடுத்த இந்த நோட்டில் மூன்று கட்டங்கள்: தேதி, ரத்த அழுத்தம், குறிப்பு. குறிப்புக்கு ஒதுக்கிய இடம் தீப்பெட்டி அளவு. நாற்பது வருடம் வசனம் எழுதியவனுக்கு அது போதாது என்பதால் கோடுகளைப் பொருட்படுத்தாமல் எழுதுகிறேன். ஒரு வேளைக்கு ஒரு தடவை அளந்தால் போதும் என்றார் அவர். நான் இரண்டு தடவை அளக்கிறேன். டப்பிங் தியேட்டர் பழக்கம். முதல் டேக் பிரமாதமாக வந்தாலும் பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்துவைப்போம். சேஃப்டி டேக் என்று பெயர். என் தியேட்டரில் அதற்கு விதிவிலக்கே கிடையாது.

பதினொரு மணிக்கு ஒரு குழந்தைகள் சேனலிலிருந்து ரெஜினா என்ற பெண் பேசினாள். தமிழில் வந்த கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்களில் பதினான்கு நான் வசனம் எழுதி டப்பிங்கும் நடத்தியவை என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் படங்களில் என் பெயர் எழுத்தாக எங்கும் வராது என்பதால், கண்டுபிடித்தது பெரிய காரியம்தான்.

"தணிகாசலம் சார், குழந்தைகள் தினத்துக்கு ஒரு ஸ்பெஷல் பண்றோம். உங்க பதினாலு படத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது, ஏன்? அவ்வளவுதான் சார். நீங்க சொல்ற படத்தையே அன்னிக்குப் போடுவோம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை என்பதுபோலச் சிரித்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

152/94. மனம் அமைதி.

பாரபட்சமில்லாமல் தேர்ந்தெடுக்க ஒரு அட்டவணை போட்டேன். உதடு பொருத்தத்துக்கு நாற்பது மதிப்பெண், வசனத்துக்கு முப்பது, நகைச்சுவைக்கு இருபது, மற்றவைக்குப் பத்து.

இந்தப் படங்களைப் பற்றி ஒரு விஷயம். எல்லாம் குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படங்கள். அதனாலோ என்னவோ, பத்தாவது நிமிடத்துக்குள் குடும்பத்தில் ஒருவரை அப்புறப்படுத்திவிடுவார்கள். பிறகு குட்டி தனியாகக் கிளம்பும். வழியில் வாயாடி நண்பன் ஒருவன் சேருவான். ஒன்றரை மணி நேரத்தில் கட்டிக்கொள்வார்கள். ஐரோப்பாவில் ஏதோ ஒரு சோகமான முள்ளெலியைப் பற்றி எடுத்த படத்துக்கு எங்கள் விநியோகஸ்தர் 'முள்ளெலி முனுசாமி' என்று பெயர் வைத்தார். உயரத்துக்குப் பயப்படும் லிஃப்ட் ஒன்றின் கதை 'லிஃப்ட் லிங்கம்' ஆயிற்று. மேலே போக மறுக்கும் லிஃப்ட். தத்துவார்த்தமான படம். யாரும் பார்க்கவில்லை.

அட்டவணைப்படி 'லிஃப்ட் லிங்கம்' எண்பத்தெட்டு வாங்கி முதலிடம். லிஃப்டுக்குக் கதவுதான் வாய். ஒவ்வொரு ப-வுக்கும் ம-வுக்கும் கதவு மூடும். அவ்வளவு துல்லியமான வேலையை நான் வேறெதிலும் செய்ததில்லை.

'நீந்தி வா நிம்மி'யை இன்னும் அட்டவணையில் சேர்க்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

156/96. மழை. மின்விசிறி மூன்றையும் துடைத்தேன்.

அக்டோபர் 31, வெள்ளி

158/98. மனம் அமைதி.

ரெஜினா மறுபடி பேசினாள். தங்கள் பக்கத்தில் நேயர்களிடம் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறார்கள். பத்தில் ஒன்பது பேர் நிம்மி. லிஃப்டுக்கு நான்கு வாக்கு. அதில் ஒன்று நான் போட்டது.

"சார், நீங்க எதைச் சொன்னாலும் ஓகேதான். ஆனா நிம்மிதான் சொல்வீங்கன்னு புரோமோ எடிட் பண்ணிட்டோம்."

"நான் இன்னும் சொல்லவே இல்லையேம்மா."

"அதான் சார், சஸ்பென்ஸ்."

இந்த நோட்டைப் படிக்கப்போகும் டாக்டருக்காக: நிம்மி ஒரு நீர்நாய்க்குட்டி. வெள்ளத்தில் தாயைத் தொலைத்துவிட்டு ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு கதறும். நான் எழுதிய வசனம், "அம்மா, நான் இங்கதான் இருக்கேன்மா." படத்தில் இருப்பதோ, "அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா." அந்தப் படத்தில் நிம்மிக்கு அப்பாவே கிடையாது. தாயைத் தேடும் குட்டி தந்தையை அழைக்கிறதே, என்ன ஆழம் என்று பத்திரிகைகள் எழுதின. ஒரு கல்லூரியில் யாரோ அந்த ஒரு வரிக்கு ஆய்வேடு எழுதினார்கள். ஒரு சங்கம் விருது கொடுத்தது. ஷோகேஸில் இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆழத்தை யார்தான் மறுப்பார்கள்.

நிம்மிக்குக் குரல் கொடுத்தது என் மகள் நிறைமதி. அப்போது அவளுக்கு எட்டு வயது. ஒரே டேக். எல்லாப் பேட்டியிலும் அதைச் சொல்லியிருக்கிறேன். ஒரே டேக்.

"உங்க பொண்ணையும் கூட்டிட்டு வாங்க சார். அந்த லைனை ஒரே ஒரு தடவை ஸ்டேஜ்ல சொன்னாப் போதும்" என்றாள் ரெஜினா. "நம்பர் குடுங்க, நானே பேசறேன்."

கொடுத்தேன். கொடுத்தபின் மாடிக்குப் போய்க் காயப்போட்ட துணி நனைகிறதா என்று பார்த்தேன். துணி காயப்போடவே இல்லை.

நவம்பர் 2, ஞாயிறு

162/98.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதி கோயம்புத்தூரிலிருந்து பேசுவாள். அம்மாவோடு நாற்பது நிமிடம், என்னோடு இரண்டு. இன்று என்னோடு நான்கு.

"சேனல்லேர்ந்து ஒரு பொண்ணு பேசினா. நான் வரலைன்னு சொல்லிட்டேன்பா."

"நானும் அவ்வளவா..."

"நீங்க எதை வேணா செலக்ட் பண்ணுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அவந்திகா இன்னும் அந்தப் படத்தைப் பாக்கலையே. ஏழு வயசாச்சு. இப்பப் போட்டா..."

"அவளுக்கு அது மட்டும் வேணாம்."

அடுத்து டிசம்பர் விஷயத்துக்கு வந்தேன். அரையாண்டு விடுமுறையில் மதிக்கு ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் புனே போக வேண்டியிருக்கிறது. பேத்தியை இங்கே விட்டுவிட்டுப் போ என்று என் மனைவி பிரேமா ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மதி இன்றும் அதே பதில்தான் சொன்னாள்: "யோசிச்சுச் சொல்றேன்."

அவந்திகாவை இதுவரை எங்களிடம் தனியாக விட்டதில்லை. எங்களிடம் என்று எழுதுவது முழுச் சரியல்ல. நான் ஹைதராபாத்தில் வேலையாக இருந்தபோது பிரேமாவிடம் ஒரு வாரம் விட்டிருக்கிறாள். அது தற்செயல்.

நவம்பர் 3, திங்கள்

164/100. மனம் அமைதி.

குழந்தைகளை அழவைப்பதுதான் எங்கள் வேலையில் மிகவும் கஷ்டம். பெரியவர்களுக்கு அழுகை சுலபம். ஒரு டம்ளர் டீ, இரண்டு நிமிடம். குழந்தைகள் பொய்யாக அழுதால் நாய்க்குட்டி கொட்டாவி விடுவதுபோல் இருக்கும். நிம்மி ரெக்கார்டிங் அன்று மதி காலையிலிருந்து கொட்டாவிதான் விட்டாள். மறுநாள் பிரிண்ட் அனுப்பியாக வேண்டும். குழந்தைக்குக் கொஞ்சம் ஊக்கம் கொடுத்தேன். இயக்குநர்கள் எல்லோரும் செய்வதுதான்.

சவுண்டு இன்ஜினியர் ஞானமுத்து அந்தப் படத்துக்குப் பிறகு என்னோடு வேலை செய்யவில்லை. வேறிடத்தில் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று கேள்வி.

நவம்பர் 5, புதன்

காலை 160/98. மாலை 170/102.

பதினான்கையும் மறுபடி பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். 'மேகக்குட்டி' படம் பத்து நிமிடம். முனுசாமி ஆறு நிமிடம். நாற்காலி சரியில்லை. ஜன்னல் பக்கம் போட்டேன், வெளிச்சம் கண்ணில் அடித்தது. சமையலறைப் பக்கம் போட்டேன், பிரேமா அதில் தட்டுகளை அடுக்கினாள். கடைசியில் நின்றுகொண்டே நிம்மியைப் போட்டேன்.

ஐம்பத்திரண்டாவது நிமிடம். குட்டி வாயைத் திறக்கிறது. 'அம்மா' என்று அசையும் வாயில் 'அப்பா' என்று வந்தாலும் யாருக்கும் தெரியாது. உதட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அதற்குப் பிறகு எதுவும் பொருந்தவில்லை. குட்டி வாயை மூடிய பிறகும் குரல் அழுதுகொண்டே இருக்கிறது. பதினான்கு படத்திலும் உதடு பொருந்தாத ஒரே காட்சி. வேண்டுமென்றே செய்த உத்தி என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.

ஊக்கம் என்று திங்களன்று எழுதியிருக்கிறேன். எழுத்தாளன் துல்லியமாக எழுத வேண்டும். அந்த வாரம் பிரேமா கருப்பையில் கட்டிக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில் இருந்தாள். நல்லபடியாகவே இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால், உயரத்துக்காக இரண்டு டெலிபோன் டைரக்டரியின் மேல் மதி நின்றிருந்தாள். இந்தப் பக்கம் நான். அவள் ஹெட்ஃபோனில் கேட்கும்படி பட்டனை அழுத்தி, "மதி, ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு. அம்மா இனிமே வீட்டுக்கு வர மாட்டாங்க" என்றேன்.

அவள் திரையைப் பார்க்கவே இல்லை. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். அப்பா, வீட்டுக்குப் போலாம்ப்பா.

முடிந்த உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

168/102. வாசலில் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தேன்.

நவம்பர் 7, வெள்ளி

166/100.

மழையில் துணி காயவில்லை. பிரேமா ஈரத்துணியை நாற்காலிகளின் மேல் விரித்துக்கொண்டிருந்தாள். நான் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காருங்களேன். டைல்ஸ் தேயுது."

"உக்கார எங்க இடம் வெச்சிருக்க?"

"நிம்மியச் சொல்லுங்க, இல்ல வேண்டாம்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு. பத்து நாளா வீட்டுல புலி திரியற மாதிரி இருக்கு. அதுவும் பிரஷர் இருக்கற புலி."

"லிஃப்ட் படத்துலதான் என் உண்மையான வேலை இருக்கு. அதைச் சொன்னா புரோகிராம அஞ்சு நிமிஷமாக் குறைச்சிடுவாங்க. எனக்கு வயசு அறுபத்தி நாலு. இனிமே யாரு கூப்பிடப் போறா?"

அவள் ஒரு தலையணை உறையை உதறினாள். "எனக்குத் தெரியும்ங்க."

"என்ன தெரியும்?"

"அன்னிக்குச் சாயந்திரம் மதிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தீங்க. நான் தூங்கறேன்னு நினைச்சு என் மூக்குகிட்ட விரல வெச்சா. மூச்சு வருதான்னு. எட்டு வயசுக் குழந்தைக்கு அத யாரு சொல்லிக்குடுத்தா? அப்புறம் படம் வந்துச்சு. பாத்தேன். புரிஞ்சுது."

நான் நின்றுவிட்டேன்.

"இத்தனை வருஷமா ஏன் கேக்கல?"

"நீங்களாச் சொல்வீங்கன்னு இருந்தேன். அதுக்குள்ள அவார்டு வந்துடுச்சு. ஷோகேஸ்ல வெச்சுட்டு, வரவங்க எல்லாருக்கும் காட்டிட்டு இருந்தீங்க. அதுக்கப்புறம் என்னன்னு கேக்கறது? வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தூசி தட்டி வெச்சேன்."

இன்று வெள்ளிக்கிழமை. ஷோகேஸைப் பார்த்தேன். எல்லாவற்றையும் துடைத்திருந்தாள். அதை மட்டும் விட்டிருந்தாள்.

நவம்பர் 9, ஞாயிறு

170/102.

மதி பேசினாள். அம்மாவோடு ஒரு மணி நேரம். எனக்கு ஃபோன் வரவில்லை. டிசம்பரைப் பற்றி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "யோசிக்கறாளாம்" என்றாள் பிரேமா.

நவம்பர் 10, திங்கள்

காலை 172/104. மாலை அளக்கவில்லை.

ரெக்கார்டிங். ஸ்டூடியோவில் எனக்காக ஒரு ஆற்றங்கரை செய்திருந்தார்கள். தெர்மோகோல் பாறை. அதன் மேல் என்னை உட்காரவைத்தார்கள். பக்கத்தில் ஆளுயர நிம்மி பொம்மை, முகத்தில் விற்பனைக்கு ஏற்ற துயரம்.

கேமராவுக்குப் பின்னாலிருந்து ரெஜினா கேட்டாள்: "சார், பதினாலு படத்துல உங்க மனசுக்குப் பிடிச்சது எது?"

பத்து நாளாக மனப்பாடம் செய்த பதில் ஒன்று இருந்தது. அதில் உதடு பொருத்தம், மொழியழகு, குழந்தைகளின் உலகம் என்ற மூன்று சொற்களும் உண்டு. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"லிஃப்ட் லிங்கம். நிம்மியச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. அந்த வசனம் நான் எழுதினதில்ல. என் பொண்ணு சொன்னது. அவ நடிக்கல. அவ அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கற மாதிரி நான் ஒரு பொய் சொன்னேன், அழுகைக்காக. அந்தக் குழந்தை என்னைப் பாத்துத்தான் வீட்டுக்குப் போலாம்னு கேட்டுது. நீங்க எல்லாரும் இருபத்தி மூணு வருஷமா கேட்டு ரசிக்கறது அதைத்தான்."

கேமராக்காரர் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தார். ரெஜினா காகிதத்தை மடித்தாள்.

"நிஜமாவா சார்?"

"நிஜம்."

"எங்க அக்கா கல்யாணமாகிப் போறப்ப, கார்ல ஏறினவ கண்ணாடிய இறக்கிட்டு அந்த லைனத்தான் சொன்னா சார். எங்கப்பா அழுது அன்னிக்குத்தான் பாத்தேன்." காகிதத்தை இன்னொரு தடவை மடித்துவிட்டு, "இது குழந்தைகள் தின புரோகிராம் சார். எப்படிப் போடறதுன்னு பாக்கறேன்" என்றாள்.

எப்படிப் போட்டாலும் சரி என்றேன். டீ கொடுத்தார்கள். ஆறியிருந்தது. முழுக்கக் குடித்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

160/98.

மாலை ஆறு மணிக்கு ஒளிபரப்பு. நானும் பிரேமாவும் ஈரத்துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தோம்.

திரையில் நான் தலைகுனிந்து சொல்கிறேன்: "நிம்மியச் சொல்ல எனக்கு உரிமை இல்லம்மா. அந்த வசனம் நான் எழுதினதில்ல. என் பொண்ணு சொன்னது." வெட்டு. வயலின். நிம்மி, மரக்கட்டை, வெள்ளம். மறுபடி நான், டீயை வாங்கிக்கொண்டு லேசாகச் சிரிக்கிறேன். வெட்டு. படம் தொடங்கிவிட்டது.

லிஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிரேமா ரிமோட்டை எடுத்து அணைத்தாள். "நல்லாத்தான் வெட்டியிருக்காங்க" என்றாள்.

நவம்பர் 15, சனி

164/98.

காலையிலிருந்து ஃபோன். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமா, மகளுக்குப் பெருமையை விட்டுக்கொடுத்த தந்தை, கண் கலங்கிவிட்டது. குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் படியேறி வந்து பொன்னாடை போர்த்தினார். அவருக்குக் கதவைத் திறந்ததும் பிரேமா உள்ளே போய்விட்டாள். பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

ஒரு குற்றத்தை நாடறியச் சொல்லி, அதற்கும் ஒரு பாராட்டு வாங்கியிருக்கிறேன். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் அவரைப் பற்றி நல்ல கட்டுரை ஒன்று எழுதியிருப்பேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மதி பேசும் நேரம் பதினொன்று. பத்தரைக்கு நானே கூப்பிட்டேன். கல்யாணமாகிப் போன பிறகு நானாகக் கூப்பிட்டது இது எத்தனையாவது முறை என்று கணக்குப் பார்க்க முயன்றேன். கணக்குப் பார்க்க அதிகம் இல்லை.

"புரோகிராம் பாத்தேன்பா" என்றாள். "ரொம்ப அடக்கமாப் பேசினீங்க."

"வெட்டிட்டாங்க மதி."

"ஓ."

"வெட்டினதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் நடந்துபோய் அடுப்பை அணைப்பது கேட்டது. "சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். ஆபரேஷன், பட்டன், நான் சொன்ன வார்த்தை, அவள் பார்த்த பார்வை. அவளுக்குத் தெரிந்ததையே அவளுக்குச் சொல்வது வினோதமாக இருந்தது. முடித்ததும், "தப்பு பண்ணிட்டேன் கண்ணு" என்றேன். இந்த வசனத்தைப் பல படங்களில் யாராவது ஒரு அப்பாவுக்கு எழுதியிருக்கிறேன். ஒரு தடவைகூட வாயில் இவ்வளவு தடுக்கியதில்லை.

"எத்தனை டேக்?" என்றாள்.

"என்ன?"

"அந்த சீன் எத்தனை டேக் எடுத்தீங்க?"

இருபத்து மூன்று வருடமாக எல்லோருக்கும் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. இந்த நோட்டில்கூட அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

"ரெண்டு" என்றேன். "முதல் டேக்கே போதும், குழந்தையப் பாருய்யான்னு ஞானமுத்து எந்திரிச்சுட்டாரு. நான்தான் பாதுகாப்புக்கு இன்னொண்ணு கேட்டேன். ரெண்டையும் முடிச்சுட்டுத்தான் உனக்கு உண்மையச் சொன்னேன். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். படத்துல இருக்கறது ரெண்டாவது."

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஒண்ணுன்னு சொல்லியிருந்தீங்கன்னா ஃபோனை வெச்சிருப்பேன்" என்றாள். "முதல்ல அழுதது எனக்குச் சரியா ஞாபகம் இல்லப்பா. ரெண்டாவது ஞாபகம் இருக்கு. நான் அழுதுட்டு இருக்கறப்ப, டைரக்டரி மேலேர்ந்து எறங்கிட்டேன்னு நீங்க உள்ள வந்தீங்க. தூக்கிக்கத்தான் வரீங்கன்னு நினைச்சேன். தூக்கி மறுபடி அது மேலயே நிக்க வெச்சீங்க."

அது எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்று எழுதிவிட்டு, ஐந்து நிமிடமாக அதற்கு மேல் எழுத முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். அவள் எடை கையில் இருக்கிறது.

பின்னால் அவந்திகா ஃபோனைக் கேட்டு நச்சரித்தாள். கொடுத்துவிட்டாள்.

"தாத்தா, டிவில உனக்கு எந்தப் படம் பிடிக்கும்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல?"

"லிஃப்ட் லிங்கம்."

"அது செம போர் தாத்தா. அது மேலயே போகாது."

"கடைசில போகும்."

"நான் பாதியிலயே தூங்கிட்டேன்."

"நெறையப் பேர் தூங்கிட்டாங்க."

மதி ஃபோனைத் திரும்ப வாங்கினாள். "டிசம்பர் இருபத்தி மூணு கூட்டிட்டு வரேன்" என்றாள். "முதல் ரெண்டு நாள் நானும் இருப்பேன். இருந்து பாத்துட்டுத்தான் புனேக்குக் கிளம்பறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

"சரி" என்றேன்.

"அம்மாகிட்டக் குடுங்க."

கொடுத்தேன். பிரேமா ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். மழை விட்டிருந்தது. ஒரு நாற்காலியில் துணி காய்ந்திருந்தது. எடுத்து மடித்துவைத்துவிட்டு அதில் உட்கார்ந்து அளந்தேன்.

146/90. மனம் அமைதியாக இல்லை. ஒரே ஒரு முறைதான் அளந்தேன்.